வயர்லெஸ் பார்க்க வந்தவர்

எங்கள் டாக்ஸிகளுக்குச் சவாரி முகவரி ஆபீஸிலிருந்து வயர்லெஸ் வழியாகப் போய், வண்டிக்குள் இருக்கும் சின்னப் பெட்டியின் திரையில் எழுத்தாகத் தெரியும். அது அடிக்கடி பாதியில் அறுந்தது. சிம்மக்கல்லில் சவாரிக்குக் கூப்பிட்டவர் வண்டி வராமல் திட்டிக்கொண்டு நிற்பார்.

சரிபார்க்க வந்தவர் ஒல்லியானவர், கழுத்தில் ஹெட்போன். நான் பேசி முடித்தாலும், இன்னும் ஏதாவது சொல்வேனோ என்று காத்திருந்தே வாய் திறப்பார். எனக்கு எரிச்சலாக வரும்.

பகல் முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "முகவரி வர்றதுக்கு முன்னாடி பீப் சத்தம் கேட்டதும் டிரைவருக மைக்கை அமுக்கி 'வாரேண்ணே'ங்கிறாங்க. வர்ற முகவரி அதுல அறுந்துருது."

"வாயை மூடச் சொல்லிரவா?"

காத்திருந்தார். "கூப்பிட்டா பதில் சொல்லாம எப்படிண்ணே இருப்பாங்க? அவங்க சொல்லி முடிக்கட்டும். ஆபீஸ் மிஷின் பொறுத்திருந்து முகவரியை அனுப்பட்டும்."

அப்படியே மாற்றி வைத்துவிட்டுப் போனார். இப்போது முகவரி முழுசாகப் போகிறது. பீப்புக்கும் முகவரிக்கும் நடுவே மட்டும் ஒரு சின்ன அமைதி. அப்போதெல்லாம் அவர் எதிரில் நிற்பதுபோல, நான் இன்னும் ஏதோ சொல்ல வேண்டுமோ என்றிருக்கிறது.