தலைதொட்டம்மையின் தலை

இப்போது கோயிலில் ஞானத்தாய் என்கிறார்கள். நான் பிறந்த தேங்காய்ப்பட்டணம் பக்கத்துக் கடற்கரையில் அந்தக் காலத்தில் தலைதொட்டம்மை என்போம். ஞானஸ்நானத்தில் குழந்தையின் தலையைத் தொட்டு நிற்பவள். என் பேத்திகளுக்கு இந்தச் சொல் தெரியாது. நானும் சொல்லிக் கொடுக்கவில்லை. வாயில் எடுத்தாலே எனக்கு அந்த நாற்றம் வந்துவிடும்.

என் தலைதொட்டம்மை, கரமடி வலை வைத்திருந்தவரின் மனைவி. கரையில் நின்று இருபது முப்பது பேர் வடம் பிடித்து இழுக்கிற பெரிய வலை அது. இழுத்தவர்களில் என் அப்பாவும் ஒருவர். வடம் பிடிக்கிறவர்கள் வீட்டில் பிள்ளை பிறந்தால் அவளைத்தான் தலை தொடக் கூப்பிட வேண்டும். தொட்ட பெண்பிள்ளைகளெல்லாம் கொஞ்சம் வளர்ந்ததும் அவள் வீட்டில் முற்றம் பெருக்கினோம், கருவாடு காயவைத்தோம், பாத்திரம் தேய்த்தோம். கூலி கிடையாது. "எனக்க பிள்ளையளுக்கு நான் கூலி குடுக்கதா?" என்பாள்.

எனக்கு விரல் மெலிது என்று பேன் பார்க்கிற வேலை. சொல்லவே கூசுகிறது. பழைய எண்ணெயும் வியர்வையும் சேர்ந்து மயிர் சிக்குப் பிடித்திருக்கும். காதுக்குப் பின்னால் சொறிந்து சொறிந்து புண்ணாகி நீர் வடியும். ஒவ்வொரு பேனையும் நகத்தில் வைத்துக் குத்தும்போது அவள் சுகமாக "ஸ்" என்பாள். வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஈர மணலை அள்ளிக் கையில் தேய்ப்பேன். அப்படியும் அந்தக் கையால் சோறு அள்ளினால் தொண்டையில் இறங்காது.

நான் நாலாம் கிளாஸ் படித்துக்கொண்டிருந்தேன். யார் முகத்தையும் பார்த்துப் பேச வராது, ஆனால் எழுதச் சொன்னால் எழுதிவிடுவேன். அந்த வருஷப் பரீட்சையில் தேறினால் கன்னியாஸ்திரிகளின் பள்ளியில் சேர்த்துவிடுவதாக வாத்தியாரம்மா சொல்லியிருந்தார். அங்கேயே தங்கிப் படிக்கலாம். இந்தத் தலையிலிருந்து தப்ப எனக்கு அந்த ஒரு வழிதான் இருந்தது.

பரீட்சை அன்று காலையில் தலைதொட்டம்மை வீட்டிலிருந்து ஆள் வந்தது. எங்கம்மாவிடம், "இன்னைக்குப் பரீட்சை எம்மா" என்றேன்.

"வேகம் பாத்துட்டு ஓடிரு மக்கா. அவளுக்க மொகம் கோணிச்சுன்னா ஒனக்க அப்பன் எந்த வடத்தப் போய் பிடிப்பான்?"

போனேன். என் முகத்தைப் பார்த்ததுமே தலைதொட்டம்மை சிரித்தாள். "என்னட்டி, பரீட்சையா? படிச்சு திவானாவப் போறியா?"

மயிரை வகிர்ந்துகொண்டிருக்கும்போதே பள்ளிக்கூட மணி கேட்டது. என் கை வேகமானது அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். மென்றுகொண்டிருந்த வெற்றிலையில் பாதியை வாயிலிருந்து எடுத்து நீட்டினாள்.

"இந்தா, தின்னுட்டுப் போ. தலதொட்டவளுக்க எச்சி ஆசீர்வாதமாக்கும்."

போ என்று சொல்லிவிட்டாளே என்று வாயைத் திறந்தேன். நாக்கில் பட்டதுதான் தாமதம், காலையில் குடித்த மரச்சீனிக்கிழங்குக் கஞ்சி முழுவதும் அவள் உச்சந்தலையில் விழுந்தது.

நெற்றியில் வழிந்ததை அவள் முந்தானையால் துடைத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "சவமே, இனி எனக்க படி ஏறிராத."

எனக்கு அதைவிட நல்ல ஆசீர்வாதம் இல்லை. முகம்கூடக் கழுவாமல் பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். வாத்தியாரம்மா சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தினார். "குளிச்சிட்டு வா" என்றார். அவள் தலையைப் பார்த்து நான் குமட்டியதுபோல் என்னைப் பார்த்து அவர் குமட்டினார். குளித்துத் திரும்பியபோது தாள்களைக் கட்டிவிட்டார்கள்.

மறுநாள் அப்பாவை வடத்தில் சேர்க்கவில்லை. மூன்றாம் நாள் எங்கம்மா என்னை இழுத்துப் போய் அவள் காலில் விழவைத்தாள். விழுந்தேன். அவள் குனிந்து, ஞானஸ்நானத்தில் தொட்டதுபோல என் தலையில் கை வைத்தாள். அப்பாவுக்கு வடம் திரும்பக் கிடைத்தது. எனக்கு அந்தத் தலையும் திரும்பக் கிடைத்தது. கல்யாணமாகி வேறு ஊருக்குப் போகிறவரை பார்த்தேன். ஐந்தாம் கிளாசுக்கு நான் போகவேயில்லை.

புகுந்த ஊரில் மூன்று வீட்டார் தங்கள் பிள்ளைக்குத் தலை தொட என்னைக் கேட்டார்கள். கை நடுங்குகிறது, பிள்ளையைக் கீழே போட்டுவிடுவேன் என்று சொல்லித் தட்டிக்கழித்தேன். என் கைக்கு அப்போது ஒரு நடுக்கமும் இல்லை.