பெரியவர் போகாத ஆஸ்பத்திரி

அவளுக்கு அந்த வட்டாரத்தில் ‘ஆமா-இல்லை அக்கா’ என்று பெயர். பெயரை வைத்தது வேறு யாருமில்லை, அவள் கணவர்தான். அவர் தையல்காரர், வாயில் ஊசியைக் கவ்விக்கொண்டே கிண்டல் செய்யக்கூடியவர். பெயரிலும் தப்பு ஒன்றும் இல்லை. ஒரு வெளிநாட்டு உதவி நிறுவனம் சின்னச் சின்ன சுகாதார நிலையங்களுக்குப் பணம் கொடுத்து வந்தது. ஆனால் சும்மா கொடுக்கவில்லை. இத்தனை பேருக்கு வைத்தியம் பார்த்தோம் என்று நிலையம் காட்ட வேண்டும். காட்டியது நிஜமா, கப்ஸாவா என்று ஒருவர் வீடு வீடாகப் போய் விசாரிக்க வேண்டும். அப்படிப் போகிறவர்களில் ஒருத்திதான் இவள்.

நிலையத்தின் நோயாளிப் பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் எடுத்த சீட்டுகளோடு கிளம்புவாள். கதவைத் தட்டி, “போன மாசம் ஆஸ்பத்திரிக்குப் போய் வைத்தியம் பார்த்துக்கிட்டீங்களா?” என்று கேட்பாள். ஆமா என்றால் ஆமா, இல்லை என்றால் இல்லை. பதிலை எடுத்துக் கொடுக்கக் கூடாது; வீட்டில் வேறு யாரும் குறுக்கே பேசக் கூடாது; விசாரணை முடியும்வரை அந்த நிலையத்தின் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது. எல்லாவற்றிலும் அவள் கறார். செத்துப்போனவர்களுக்கெல்லாம் தடுப்பூசி போட்டதாகக் காட்டிய ஒரு நிலையத்தைப் பிடித்தது அவள்தான். அவள் காதில் யாரும் பூச்சுற்றிவிட முடியாது.

இத்தனை கறாரான மனுஷி, நடக்கும்போது மட்டும் சரியான கனவுக்காரி. மதிய வெயிலில் தெருக்கள் கண்ணயர்ந்து கிடக்கும். கொடியில் காயும் சட்டைகள் மெல்லப் புடைத்து, மெல்லத் தணியும். சீட்டில் வயதும் தெருவும் நோயும் இருக்கும். மிச்ச ஆளை அவளே நடந்தபடி உண்டாக்கிக்கொள்வாள். இந்த அம்மாள் சிரித்தால் கன்னத்தில் குழி விழும், இவருக்குக் காது பெரிதாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டே போவாள். கதவு திறந்தால் காது சின்னதாக இருக்கும். ஏதோ ஏமாற்றிவிட்டதுபோல அவர்மேல் கொஞ்சம் கோபம்கூட வரும். இப்படி நடந்து இரண்டு முறை மின்கம்பத்தில் முட்டிக்கொண்டிருக்கிறாள். கணவரிடம் அதில் ஒரு முறையைத்தான் சொல்லியிருக்கிறாள்.

அன்று மத்தியானம் அவள் கையில் இருந்தது கடைசிச் சீட்டு. எழுபதைத் தாண்டிய பெரியவர், ரத்தக் கொதிப்பு, வாராவாரம் வருகிறார் என்று இருந்தது. அந்த நிலையத்துக்கு ஏற்கெனவே ‘இல்லை’ அதிகம் விழுந்திருந்தது. இன்னொன்று விழுந்தால் பணம் நின்றுவிடும். போன முறையும் நின்றது. மறுபடி நின்றால், ஒரே ஒரு நர்ஸ் இருக்கும் அந்த இடத்தையே மூடிவிடுவார்கள் என்று அலுவலகத்தில் பேச்சு. அந்தச் சீட்டை அவள் இரண்டு முறை மடித்து, இரண்டு முறை பிரித்தாள். கறாராக இருப்பவர்களுக்கும் மனசு என்று ஒன்று இருக்கிறதே.

“மாமா உள்ளதான் இருக்காரு. போய்க் கேளுங்க. நான் வாயைத் திறக்கக் கூடாதுன்னு போன தடவை வந்தவரு சொல்லிட்டுப் போயிட்டாரு” என்றாள் பெரியவரின் மருமகள், ஈரத்துணியை உதறியபடி.

பெரியவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். காது நிஜமாகவே பெரிதாக இருந்தது. அவள் சந்தோஷமாகக் கேள்வியைக் கேட்டாள்.

“ஆஸ்பத்திரியா? அந்தப் பக்கமே நான் போனதில்லம்மா. மருந்து வாசனையே எனக்கு ஆகாது.”

பேனா ‘இல்லை’ மேல் போய் நின்றது. அவர் அவள் முகத்தை உற்றுப் பார்த்தார்.

“உனக்குத்தான் உடம்பு முடியலையா? வெயில்ல வந்து ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரின்னு கேக்குறியே. அதெல்லாம் எதுக்கு? என் தங்கச்சி இங்க பக்கத்துலதான் இருக்கா. அவ கைபட்டா எல்லாம் சரியாப் போயிடும். வா.”

செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியே விட்டார். மருமகளுக்கு அதற்குமேல் வாயைக் கட்டிக்கொண்டிருக்க முடியவில்லை. “அவரு தங்கச்சி சின்னப் பிள்ளையிலேயே செத்துட்டா” என்று இவள் காதருகே சொன்னாள்.

ஏன் அவர் பின்னால் போனாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. பெரியவர் முன்னால் நடந்தார். திருப்பத்துக்குத் திருப்பம் நின்று அவள் வருகிறாளா என்று பார்த்துக்கொண்டார். “சின்னதுல சரியான வாயாடி. இப்பவும் திட்டுவா, உப்பைக் குறைங்கன்னு” என்று சொல்லிச் சிரித்தார். பழகிய தெருதான். ஆனாலும் அவர் பின்னால் போகும்போது நிழல்கூட வேறு பக்கம் விழுவதுபோல இருந்தது. அப்படி ஒரு தங்கை இருக்கிறாள், வாசலில் நின்று வழி பார்க்கிறாள் என்று அவளும் நம்பிவிட்டாள். சுகாதார நிலையத்தின் பச்சைக் கதவுக்கு முன்னால்தான் விழித்துக்கொண்டாள். அதற்குள் அவர் அவளை உள்ளே தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

“வாங்கண்ணே, இன்னிக்கு உங்க நாள் இல்லையே” என்று எழுந்த நர்ஸ், பின்னால் வந்தவளின் அடையாள அட்டையைப் பார்த்ததும் அப்படியே நின்றாள்.

“இந்தப் பொண்ணுக்கு முடியலம்மா. வீடு வீடாப் போய் ஆஸ்பத்திரியைத் தேடிக்கிட்டிருக்கு. என்னன்னு பாரு” என்றார் பெரியவர்.

வேறு வழியில்லை, அவள் கையை நீட்டினாள். நர்ஸ் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைச் சுற்றிக் காற்றை அழுத்தத் தொடங்கினாள்.

“இது ஆஸ்பத்திரின்னு அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லி வெச்சிருக்கலாமே” என்றாள் இவள், மெதுவாக.

“போன தடவை பணம் நின்னப்போ சொன்னேன். நான் நர்ஸு, இது ஆஸ்பத்திரின்னேன். அப்ப என் தங்கச்சி எங்கேன்னு கேட்டாரு. அன்னைக்குப் பூரா தெருத்தெருவாத் தேடினாரு.” நர்ஸ் காற்றை இறக்கினாள். “அதுக்கு மேல என்னால ஆகல. நீங்க இல்லைன்னே எழுதிக்கோங்க.”

பட்டையை இவளே அவிழ்த்துக் கொடுத்தாள். இத்தனை வருடமாகப் பொய்க்கணக்கைத் துரத்தியே நடந்திருக்கிறாள். ஒரு மனுஷரைக் கலங்கவிடாமல் இருக்க, செய்த வேலையையே இல்லை என்று எழுதச் சொன்ன ஆளை இன்றுதான் பார்க்கிறாள். அந்தக் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

பெரியவர் பக்கம் திரும்பினாள். அச்சடித்த கேள்வியை விட்டுவிட்டு, முதல்முறையாகத் தன் வார்த்தையில் கேட்டாள்.

“ஐயா, போன மாசம் இந்த இடத்துக்கு வந்தீங்களா?”

“இதென்னம்மா கேள்வி? தங்கச்சி வீட்டுக்கு வராம இருப்பேனா? வாராவாரம் வர்றேன். கையில பட்டை கட்டுவா, மாத்திரை கொடுப்பா, திட்டுவா.”

‘ஆமா’ என்று எழுதினாள். மேலே யாராவது கேட்டால் நேரில் வந்து பார்த்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். விதியை மீறினாய் என்று திட்டினால் வாங்கிக்கொள்ளலாம். எழுதியதை நர்ஸ் பார்க்கும்படி மேஜைமேல் வைத்தாள்.

பெரியவர் கிளம்ப எழுந்தார். வாசலில் நின்று திரும்பினார்.

“அடுத்த வாரம் இவளையும் நானே கூட்டிட்டு வர்றேன். நீ எங்கேயும் போயிடாதம்மா.”

“போகலண்ணே. இங்கதான் இருப்பேன்” என்றாள் நர்ஸ். அதை அவளால் இப்போது தைரியமாகச் சொல்ல முடிந்தது.