யாருக்குப் பிடிக்காத சட்டம்

அமெரிக்கா தன் இருநூறாவது பிறந்தநாளைக் கொண்டாடிய வருடம் அது. அந்த ஆரவாரம் மெல்பேர்ணின் தென்கிழக்குப் புறநகர் ஒன்றிலிருந்த எங்கள் பள்ளிக்கூடம் வரை வந்துவிட்டது. என் கணவர் கிளேட்டன் பல்கலைக்கழக வளாகத்தில் இரசாயன ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். யாழ்ப்பாணத்தில் வரலாறு படிப்பித்த எனக்கு, இங்கே வந்து நெடுநாள் அலைந்தபின், ஒரு வருட ஒப்பந்தத்தில் ஒரு ஆசிரியர் வேலை கிடைத்திருந்தது.

பதினைந்து வயதுப் பிள்ளைகளின் வகுப்பு. 'மக்கள் விரும்பாத சட்டங்கள்' என்ற அத்தியாயத்தை என்னிடம் தந்தார்கள். அமெரிக்கக் குடியேறிகளின் பத்திரிகைக்கும் காணி உறுதிக்கும் சீட்டுக்கட்டுக்கும்கூட பிரித்தானியா முத்திரை வரி போட்ட சட்டம், பிறகு தேயிலைச் சட்டம், கடைசியில் போர். இதையெல்லாம் ஒரு நாடகமாக்கி முழுப் பள்ளிக்கூடத்துக்கும் போட்டுக் காட்ட வேண்டும் என்பது வரலாற்றுப் பகுதித் தலைவரின் விருப்பம்.

"நீங்கள் சிலோன்காரர்தானே, பழைய தேயிலைப் பெட்டி ஏதாவது வீட்டில் இருக்குமா?" என்று என்னிடம் கேட்டார்.

அந்தச் சட்டத்தை எதிர்த்துக் குடியேறிகள் பொஸ்டன் துறைமுகக் கடலில் கொட்டியது சீனத் தேயிலை என்றேன். "யாருக்குத் தெரியப்போகிறது?" என்று சிரித்தார். கெட்ட மனிதர் அல்ல. எனக்கு அந்த வேலையைத் தந்தவரே அவர்தான். ஆனால் அந்தச் சிரிப்பு அன்று முழுவதும் என் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

வகுப்பிலும் சிரிப்புத்தான். தேயிலைச் சட்டத்தால் தேயிலை மலிந்ததே தவிர விலை ஏறவில்லை என்று சொன்னதும் பையன்கள் மேசையில் தட்டிச் சிரித்தார்கள். மலிவாகக் கிடைத்த தேயிலைக்காகவா சண்டை பிடித்தார்கள்? விலை அல்ல பிரச்சினை, எங்களைக் கேட்காமல் எங்கள்மேல் சட்டம் போட நீ யார் என்பதுதான் பிரச்சினை என்றேன். அவர்கள் மண்டையில் ஒன்றும் ஏறவில்லை.

யன்னலோரம் ஒரு கிரேக்கப் பெண் இருந்தாள். தகப்பன் கார்த் தொழிற்சாலையில் வேலை செய்தார். அதிகம் வாய் திறக்காத பிள்ளை. அன்று கையை உயர்த்தினாள்.

"மிஸ், இந்தச் சட்டங்கள் ஒருவருக்குமே பிடிக்கவில்லையா?"

"லண்டன் பாராளுமன்றத்துக்குப் பிடித்திருந்தது."

"அப்படியென்றால் யாருக்குப் பிடிக்கவில்லை என்று புத்தகம் ஏன் சொல்லவில்லை?"

அந்தக் கேள்விக்காக நான் புத்தகத்தின் இன்னொரு பக்கத்தைப் புரட்டினேன். முத்திரைச் சட்டத்துக்கு முன்னால் வந்த ஒரு கட்டளைக்கு அங்கே இரண்டே வரிகள் ஒதுக்கியிருந்தார்கள். அமெரிக்காவின் மலைத்தொடருக்கு மேற்கே யாரும் குடியேறக் கூடாது, அது அங்கே இருக்கிற பூர்வகுடிகளின் நிலம் என்று பிரித்தானிய அரசர் போட்ட கட்டளை. அவருக்கு அந்த மக்கள்மேல் இரக்கம் பொங்கவில்லை, இன்னொரு போருக்குச் செலவழிக்க மனமில்லை. இருந்தும் குடியேறிகள் கொதித்துப் போனார்கள். அதுவும் மக்கள் விரும்பாத சட்டம்தான். அந்த மக்கள் யார்?

பிறகு என் அப்பாவைப் பற்றிச் சொன்னேன். சொல்ல வேண்டும் என்று நினைத்து வகுப்புக்குப் போகவில்லை. வாயில் வந்துவிட்டது.

அப்பா தபாலதிபர். ஐம்பத்தாறில் சிங்களம் மட்டுமே அரசாங்க மொழி என்று சட்டம் வந்தது. அதைப் போன்று விரும்பப்பட்ட சட்டம் எங்கள் நாட்டில் வேறு இல்லை. அதைச் சொல்லித்தான் தேர்தலில் வென்றார்கள். அறுபத்தொன்றில் அதை எதிர்த்து எங்கள் ஊர்க் கச்சேரி வாசலில், அரசாங்க அதிபரின் அலுவலகத்துக்கு முன்னால், சனங்கள் இருந்து மறியல் செய்தார்கள். தாங்களே முத்திரை அச்சடித்து, தாங்களே தபால் நடத்தினார்கள். நானும் வரிசையில் நின்று ஒன்று வாங்கினேன். அப்பா அரசாங்கத் தபாலதிபர், அந்த வரிசைப் பக்கம் தலை காட்டவும் முடியாது. அவர் தபால் கந்தோர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தார். சில நாட்களில் இராணுவம் வந்தது. மறியல் கலைந்தது. பிறகு அப்பாவைச் சிங்களப் பரீட்சை எழுதச் சொன்னார்கள். எழுதமாட்டேன் என்றார். காலத்துக்கு முன்பே வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்குப் பிறகும் அவர் விடிய எழும்பிச் சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, முன் விறாந்தைக் கதிரையில் போய் இருப்பார். அங்கே ஒருவரும் முத்திரை வாங்க வரவில்லை.

அந்தக் கிரேக்கப் பெண்தான் மறுபடியும் கேட்டாள்.

"இந்த நாட்டில் அப்படி ஒரு மலைச் சட்டம் இருந்ததா?"

"ஒரு கோடு போட்டார்கள். அதற்கு அப்பால் குடியேற வேண்டாம் என்றார்கள். ஆட்டுமந்தைக்காரர்கள் தாண்டிப் போனார்கள். பிறகு அரசாங்கமே அவர்களுக்கு அனுமதி கொடுத்தது."

"அங்கே முதலே இருந்தவர்களுக்கு?"

"அவர்களைத் துரத்தினார்கள். பலரைக் கொன்றார்கள். அதற்கு உங்கள் புத்தகத்தில் இரண்டு வரிகூட இல்லை" என்றேன்.

இரண்டு நாள் கழித்துப் பகுதித் தலைவர் என்னைக் கூப்பிட்டார். ஒரு தகப்பன் தொலைபேசியில் முறைப்பாடு செய்திருந்தாராம். என் நாட்டு அரசியலைப் பேசியதற்காகத்தான் என்று நினைத்து, மன்னிப்புக் கேட்க வார்த்தைகளைத் தயார் செய்துகொண்டு போனேன். அவர் இல்லை என்று தலையை ஆட்டினார்.

"அது பரவாயில்லை, பிள்ளைகளுக்குப் பிடித்திருக்கிறது. அந்தக் கோட்டுக் கதைதான் பிரச்சினை. அவருடைய குடும்பத்துக்கு மேற்கே ஆட்டுப் பண்ணை. நான்கு தலைமுறை. பாட்டனைக் கொலைகாரன் என்று சொன்னது போல அவருக்கு இருக்கிறது."

"நான் பொய் சொன்னேனா?"

"அப்படிச் சொல்லவில்லை. நீங்கள் வந்து கொஞ்ச நாள்தானே."

என் அப்பாவின் கதையைக் கேட்க எல்லாருக்கும் விருப்பம். அது எங்கேயோ தூரத்தில், வெயிலுக்குள் நடந்த கதை.

அன்றிரவு குசினியில் கணவரிடம் சொன்னேன். அவர் பருப்பைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"நீர் பாடத்தை மட்டும் படிப்பிச்சால் என்ன? எங்களுக்கு நிரந்தர வேலை ஒண்டும் இன்னும் சரிவரேல்லை."

"நான் பாடத்தைத்தான் படிப்பிச்சனான்."

"ஓம். ஆனால் இவங்கள்தானே எங்களை உள்ளுக்கு விட்டவங்கள்."

"வெள்ளையர் இல்லாத ஆக்களை இவ்வளவு நாளும் விடாமல் வைச்சிருந்ததும் இவங்கள்தானே. அதுவும் சட்டம்தான். அதையும் இஞ்ச எல்லாருக்கும் பிடிச்சுத்தான் இருந்தது."

அவர் அடுப்பை அணைத்து, இரண்டு தட்டுகளை எடுத்து வைத்தார்.

நாடகத்தன்று மேடைக்குப் பின்னால் போனேன். தேயிலையைக் கொட்டப் போன குடியேறிகள் பூர்வகுடிகளைப் போல வேடம் போட்டுக்கொண்டு போனார்கள் என்று புத்தகத்தில் இருக்கிறது. அதற்காக ஆறேழு பையன்கள் முகத்தில் மண்ணிறச் சப்பாத்துப் பொலிஷைப் பூசி, தலையில் இறகு குத்தி, வாயில் கை வைத்து ஊளையிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவன் என் கையைத் தன் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்து நிறம் சரியா என்று பார்த்தான். அவன் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்பது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன்.

நிலத்தைப் பறிக்கக் கூடாது என்று அரசர் சொன்னதற்குக் கோபித்தவர்கள், தங்கள் சுதந்திரத்துக்குப் போராடப் போகும்போது, அந்த நிலத்துக்காரனின் முகத்தையே இரவல் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். இருநூறு வருடத்துக்குப் பிறகும் அது பகிடியாக இருக்கிறது.

"முகத்தைக் கழுவுங்கள்" என்றேன்.

ஒருவரும் அசையவில்லை. பொலிஷ் டப்பாக்களைப் பொறுக்கிக் குப்பை வாளியில் போட்டேன். "கழுவாமல் ஒருவரும் மேடைக்குப் போக முடியாது." நான் சத்தம் போடவில்லை. என் முகம் எப்படி இருந்ததோ தெரியாது, பையன்கள் வரிசையாகக் குழாயடிக்குப் போனார்கள். பகுதித் தலைவர் ஓடி வந்தார்.

"என்ன செய்கிறீர்கள்? எல்லாரும் காத்திருக்கிறார்கள்."

"அவர்கள் தங்கள் சொந்த முகத்தோடு பெட்டியைத் தூக்கி எறியட்டும்."

நாடகம் பிந்தித் தொடங்கியது. பாதி கழுவிய முகங்களோடு பையன்கள் வெறும் பெட்டிகளை எறிந்தார்கள். சனம் சிரித்துக் கைதட்டியது. கிரேக்கப் பெண் மட்டும் கைதட்டாமல், திரும்பி என்னைப் பார்த்தபடி இருந்தாள்.

வருட முடிவில் என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. மாணவர் தொகை குறைந்துவிட்டது என்றார்கள். கணவர் அன்று வேலையிலிருந்து வேளைக்கே வந்து, என் புத்தகப் பெட்டிகளைத் தானே தூக்கினார். வெளிவாசலில் நின்று பள்ளிக்கூடத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"நீர் கழுவ வைச்சது சரிதான்" என்றார். "நான் அண்டைக்கே சொல்லியிருக்க வேணும்."

அடுத்த வருடம் நகரத்தின் மேற்கே, தொழிற்சாலைகள் நிறைந்த ஒரு பகுதியில் வேலை கிடைத்தது. அதே புத்தகம், அதே அத்தியாயம். அரசரின் கட்டளை பற்றிய அந்த இரண்டு வரியையும் நான்கு வகுப்புகள் எடுத்துப் படிப்பித்தேன். கோடு போட்ட கதையையும் ஒளிக்காமல் சொன்னேன். ஒரு பெற்றோரும் முறைப்பாடு செய்யவில்லை. இத்தாலியர், யூகோஸ்லாவியர், துருக்கியர். அவர்களுக்கு ஆங்கிலம் வராது. வந்தாலும், பள்ளிக்கூடத்தைக் கூப்பிட்டு, என் பிள்ளைக்கு இதைச் சொல்லிக் கொடுக்காதே என்று கேட்கலாம் என்பது அவர்களுக்குத் தோன்றியிருக்காது. எனக்கு அது வசதியாகத்தான் இருந்தது. ஆனால் அப்படிக் கேட்கும் உரிமை தங்களுக்கும் உண்டு என்று அவர்களுக்குத் தோன்றாததை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இன்னும் கோபம் வருகிறது.