வாசலில் நிற்கும் கார்

மகள் பாடப்புத்தகத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். அமெரிக்காவில் அடிமையாக இருந்து தப்பிய ஒருவர், வெகுகாலம் ஆன பிறகும் வண்டிச் சத்தம் கேட்டால் ஒளிந்துகொள்வாராம். சின்ன வயதில் நாங்கள் இருந்த கொட்டாரம் வீட்டில் புளிக்கறி அடிபிடித்த வாசம் எனக்கு வந்துவிட்டது.

அத்தை, அப்பாவின் தங்கை, வளைகுடாவில் வீட்டுவேலைக்குப் போனவள். பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு அவளைப் பூட்டியே வைத்திருந்தார்கள். மூன்றாம் வருடம் தப்பி ஊர் வந்து சேர்ந்தாள். அதிலிருந்து வாசலில் கார் நின்றால் போதும், அடுப்பில் கறியை அப்படியே விட்டுவிட்டுப் பின்பக்கத்து வாழைத்தோப்புக்குள் போய்விடுவாள்.

"யாரு கேட்டாலும் அத்தை இல்லைன்னு சொல்லணும், கேட்டியா மக்கா" என்று போகிறபோக்கில் என்னிடம் சொல்வாள்.

ஒருநாள் காரில் வந்தவர் அத்தையின் பெயரைச் சொல்லிக் கேட்டார். கையில் மிட்டாயும் தந்தார். "தோப்புல ஒளிஞ்சிருக்கா" என்று கைகாட்டிவிட்டேன். அவர் அப்பாவின் சினேகிதர்; தன் மகள் கல்யாணத்துக்கு அழைக்க வந்திருந்தார். அது தெரியாமல் அத்தை வயல்வழியே ஓடியிருக்கிறாள். கால் கிழிந்து திரும்பியவள் என்னை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. அதன்பிறகு எங்கே ஒளிகிறாள் என்பதை மட்டும் எனக்குத் தெரியவிடவில்லை.

"அவரைப் பிடிச்சிட்டாங்களாம்மா?" என்று மகள் புத்தகத்திலிருந்து தலைதூக்கிக் கேட்டாள்.

நான் பக்கத்தைப் புரட்டுவதற்குள் வெளியே ஒரு கார் வந்து நின்றது. அடுக்களையில், இப்போது எங்களோடு இருக்கும் அத்தை தேங்காய் துருவுகிற சத்தம் நின்றுபோனது.