குருளையர் வட்டம்

சங்கரன்கோவிலில் நான் வேலைபார்த்த பள்ளியின் சாரண ஆசிரியர் ஒல்லியானவர். கழுத்து ஸ்கார்ஃப் மட்டும் கசங்கவே கசங்காது. பிள்ளைகளைக் குழுவாகப் பிரிக்கும்போது வயதோடு, "வீட்டுல யாரு பக்கத்துல படுப்பே?" என்றும் கேட்பார். எனக்கு எரிச்சலாக வரும்.

பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன், "தம்பிக்கும் தங்கச்சிக்கும் நடுவுல சார். அம்மாவுக்கு மில்லுல நைட் ஷிஃப்ட்" என்றான். அவனைக் குருளையரோடு, அதாவது பத்து வயதுக்குட்பட்ட குட்டிச் சாரணரோடு, நிறுத்தினார்.

"சார், இவன் பெரியவங்க குரூப்புல வரணும்லா?" என்றேன்.

"தெரியும் வே. வீட்டுல இவன்தான் பெரிய மனுசன். இங்கனயாவது சின்னப்புள்ளையா இருக்கட்டும்."

விளையாட்டு தொடங்கியதும் எல்லோரும் ஓடினார்கள். அவன் மட்டும் குனிந்து, இருப்பதிலேயே சிறியவனுக்கு ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தான்.

அவனையும் ஓடச் சொல்ல விசிலை வாயில் வைத்த சார், ஊதாமலே நின்றார். அவருடைய அந்த முகம் இன்னும் என்னை விடவில்லை.