சிலாபத்திலிருந்து வந்த கண்ணாடித் தொட்டி

கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில்தான் எனக்கு நிம்மதியான நித்திரை. எங்கள் ஊர் மாம்புரிக் கடல் அப்போது கலங்கி மண்நிறத்தில் கிடக்கும். சுழியோடிகள் இறங்கமாட்டார்கள். காற்று விழுந்து தண்ணீர் தெளியத் தொடங்கிவிட்டால் என் கணவருக்கு வீட்டில் இருப்புக்கொள்ளாது. அவருக்கு இருப்புக்கொள்ளாவிட்டால் எனக்கும் அப்படித்தான்.

அவர் அலங்கார மீன் பிடிக்கிற சுழியோடியாக இருந்தவர். முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு, சின்ன வலையோடு முருகைக்கல் என்கிற பவளப் பாறைகளுக்கு நடுவே இறங்கி, வெளிநாட்டு வீடுகளின் தொட்டிகளுக்குப் போகிற மீன்களை உயிரோடு பிடித்துவருவார். கல்யாணம் முடித்த காலத்திலிருந்து அவருடைய வேலை அதுதான். ஒரு நாள் ஆழத்தில் அதிக நேரம் நின்றுவிட்டு, வரவேண்டியதைவிட வேகமாக மேலே வந்திருக்கிறார். படகில் ஏறியபோது ஒன்றும் தெரியவில்லை. கரைக்கு வருவதற்குள் இடது கால் மரத்துவிட்டது. இரத்தத்தில் காற்றுக் குமிழ் கட்டிவிட்டது என்று சொல்லிக் கொழும்புக்கு ஏற்றினார்கள். அங்கே ஓர் அழுத்த அறைக்குள் வைத்து வைத்தியம் செய்து, கம்பு ஊன்றி நடக்கிற அளவுக்குக் கொண்டுவந்தார்கள். இனித் தண்ணீருக்கடியில் போகவே கூடாது என்று டொக்டர் என்னையும் கூப்பிட்டு வைத்துச் சொன்னார். என் கணவர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நான் நம்பவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு அவர் ஓர் இடத்தில் இருந்ததில்லை. ஒழுகாத பைப்பைக் கழற்றிப் பூட்டுவார். கதிரையை வாசலுக்கு இழுப்பார், பிறகு வளவுக்கு இழுப்பார். கடற்கரைக்குப் போய்ப் படகுகளைப் பார்த்துவிட்டு வந்து, ஒரு பிளேன்டீ குடித்துவிட்டுத் திரும்பவும் போவார். நான் ஆரம்பப் பிரிவில் படிப்பிக்கிறேன். வகுப்பில் நிற்கும்போதே, இப்போது எங்கே இருப்பார், பழைய கூட்டாளி யாராவது படகில் ஏற்றிக்கொண்டு போயிருப்பானா என்று மனம் அலையும். இடைவேளைக்கு மணி அடித்தவுடன் போன் எடுத்து எங்கே நிற்கிறார் என்று கேட்பேன். வீட்டில்தான் என்பார். பின்னால் காற்றுச் சத்தம் கேட்கும்.

தொட்டி வாங்குகிற யோசனை என்னுடையது. சிலாபத்தில் ஒரு வீட்டில் பெரிய கண்ணாடி மீன்தொட்டி விற்பனைக்கு இருப்பதாக போனில் ஒரு விளம்பரம் கண்டேன். கடல்தண்ணீருக்கென்றே செய்தது, இரும்பு ஸ்டாண்டும் இருந்தது. படத்தில் அதற்குப் பக்கத்தில் நின்ற கதிரை சிறுபிள்ளைகளின் கதிரை மாதிரித் தெரிந்தது. கடலைக் கொண்டுவந்து வீட்டுக்குள் வைத்துவிட்டால் மனிசன் கடலுக்குப் போகமாட்டார் என்று எனக்குப் பட்டது. அதை அப்படியே அவரிடம் சொல்லவில்லை. ஹோலில் அந்தச் சுவர் சும்மா கிடக்கிறது, முருகைத் தொட்டி ஒன்று அமைத்தால் என் வகுப்புப் பிள்ளைகளுக்கும் காட்டலாம் என்றேன். அவர் படத்தைப் பெரிதாக்கி அதன் மூலைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, நாளைக்கே போவோமா என்று கேட்டார்.

கனமூலையில் இருக்கிற என் தம்பியிடம் தேங்காய் ஏற்றுகிற சின்ன லொறி இருக்கிறது. பழைய மெத்தைகளையும் கயிறுகளையும் போட்டுக்கொண்டு வந்து, மதுரங்குளிச் சந்தியில் எங்களை ஏற்றிக்கொண்டான். சிலாபம் போய்ச் சேரும்வரை என் கணவர் முழங்காலில் விரலால் தட்டிக்கொண்டே வந்தார்.

விற்கிற வீட்டில் ஒரு சிங்கள அம்மா தனியாக இருந்தார். தொட்டி அவருடைய மகனுடையது. மகன் இத்தாலிக்குப் போனபிறகு மீன்களை ஆட்களுக்குக் கொடுத்துவிட்டாராம். வெறும் தொட்டியைத் துடைத்துத் துடைத்துக் கை வலிக்கிறது, நடக்கிற நேரமெல்லாம் என் முகம்தான் அதில் தெரிகிறது என்றார். அவருடைய சிங்களம் எனக்கு ஓரளவு விளங்கும். என் கணவர் சரளமாகக் கதைப்பார்.

அவர் கம்பை ஒரு பக்கம் சாத்திவிட்டுத் தரையில் இருந்துகொண்டார். கண்ணாடிகள் ஒட்டியிருக்கிற இடங்களை நகத்தால் தடவிப் பார்த்தார். பிறகு கையை எடுத்துவிட்டு, தொட்டிக்குள்ளேயே பார்த்துக்கொண்டு என்னிடம் கேட்டார்.

"நான் பிடிச்சதெல்லாம் இந்த மாதிரி ஒண்டுக்குள்ளதான் போய்ச் சேர்ந்திச்சா?"

அவர் இதுவரை ஒரு வீட்டுத் தொட்டியையும் நேரில் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிடித்த மீனைக் கொம்பனி லொறியில் ஏற்றிவிடுவதோடு அவருடைய வேலை முடிந்துவிடும்.

தம்பி தொட்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஒரு கீறல் கூட இல்லை, ஏற்றுவோம் என்றான். அவர் விடவில்லை. வெறுமையாகக் கிடந்த தொட்டியின் பசை காய்ந்திருக்கும், தண்ணீர் நிரப்பிப் பார்க்காமல் எடுக்கமுடியாது என்றார். அந்த அம்மாவும் சம்மதித்தார். கிணற்று மோட்டரைப் போட்டு ஹோஸ் பைப்பை ஜன்னல் வழியாக இழுத்தோம். தொட்டியின் அடியோரம் முழுக்க, ஒரு துளி விழுந்தாலும் தெரியும்படி பழைய பேப்பர்களை விரித்தார்.

தண்ணீர் ஏற ஏற எனக்குப் பதற்றம் கூடியது. அவ்வளவு பாரம் ஒரு கண்ணாடியில் தங்குமா? கேட்டுக்கும் ஹோலுக்குமாக நடந்தேன். வளவில் காய்ந்த கொப்பராவைப் புரட்டிப் பார்த்தேன். குனிந்து பேப்பரைத் தொட்டுப் பார்த்தேன். நிரம்பிய பிறகும் பின்னேரம்வரை பார்க்கவேண்டும் என்று அவர் சொன்னபோது, எனக்கு எழும்பி பஸ்ஸேறி வீட்டுக்குப் போய்விடலாம் போலிருந்தது.

அந்த அம்மா தேத்தண்ணியும் கொக்கிஸ் பலகாரமும் கொண்டுவந்து வைத்துவிட்டு, காலுக்கு என்ன நடந்தது என்று அவரிடம் கேட்டார். நான் ஜன்னலுக்கு வெளியே நின்றேன். அவர் சிங்களத்தில் சொல்லத் தொடங்கினார். எனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் நடுவில் எனக்குத் தெரியாத ஒன்று வந்தது. அன்றைக்கு நேரம் முடிந்துவிட்டது என்று கடிகாரத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டுதான் கீழே நின்றாராம். வலையில் தேவையான மீன் இருந்ததாம். தண்ணீர் அவ்வளவு தெளிவாக இருந்ததாம். சும்மா நின்று பார்த்துக்கொண்டிருந்தாராம்.

விபத்து என்றுதான் நான் அதுவரை எல்லோரிடமும் சொல்லிவந்தேன். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இந்த மனிசனை ஒரு தொட்டி எப்படிப் பிடித்துவைக்கப்போகிறது என்று நினைத்தேன். வேண்டாம், திரும்பிப் போவோம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் பேப்பர்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, எல்லாம் காய்ந்தே இருக்கின்றன என்று சிரித்தார். நெடுநாளைக்குப் பிறகு பார்த்த சிரிப்பு. நான் உள்ளே போய்ப் பேப்பர்களை மடித்து அடுக்கத் தொடங்கினேன்.

தண்ணீரை வளவுக்கு இறக்கிவிட்டு, பக்கத்து வீட்டு ஆம்பிளைகளைக் கூப்பிட்டு, முன்கதவின் ஒரு பலகையைக் கழற்றித்தான் தொட்டியை வெளியே எடுக்க முடிந்தது. மெத்தைகளுக்கு நடுவே வைத்துக் கட்டினார்கள். முன்னால் இடமிருந்தும் அவர் வரவில்லை. பின்னால் ஏறித் தொட்டியில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, மரத்த காலை நீட்டி இருந்தார். முந்தல் தாண்டி, பாலாவியில் கற்பிட்டிப் பக்கம் திரும்பி, வீடு வந்து சேரும்வரை நான் லொறியின் பின்பக்கச் சின்னக் கண்ணாடி வழியாகப் பின்னாலேயே பார்த்துக்கொண்டு வந்தேன். ஒவ்வொரு குழிக்கும் தம்பியை ஏசினேன்.

தொட்டி வந்த பிறகு வீட்டில் அமைதி வரும் என்றுதான் எதிர்பார்த்தேன். முதலில் வந்தது வேலை. ஸ்டாண்டின் கீழே சீமெந்து போட்டுத் தரையைச் சமப்படுத்தினார். அவருடைய பழைய கூட்டாளிகள் கடல்தண்ணீரைக் கேன் கேனாகப் படகில் கொண்டுவந்து நிரப்பினார்கள். முருகைக்கல்லுக்கு என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டேன். கடலில் உயிரோடு நிற்பதை உடைத்து எடுப்பது சட்டத்துக்கும் பிழை, தன் மனதுக்கும் பிழை என்றார். சீமெந்தும் மணலும் சிப்பித் தூளும் குழைத்து, துவாரம் துவாரமாகப் பாறைகள் செய்தார். அவற்றைக் குளியலறைத் தொட்டியில் ஊறப்போட்டு நாளுக்கு நாள் தண்ணீர் மாற்றினார். நாங்கள் பல கிழமைகள் கிணற்றடியில் குளித்தோம்.

பாறைகளை வைத்த பிறகும் மீன் விடவில்லை. தண்ணீர் பழகவேண்டும் என்றார். நீல வெளிச்சம் எரிய, மோட்டர் ஓட, வெறும் தண்ணீர் ஹோலில் சுற்றிக்கொண்டிருந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் மீன் எங்கே என்று கேட்டார்கள். எனக்கும் அதே கேள்விதான். கடைசியில், தொட்டியிலேயே வளர்த்த முருகைத் துண்டுகள் சிலவற்றைக் கொழும்பு வியாபாரி ஒருவரிடமிருந்து எடுத்தார். விரலளவு துண்டுகள். பச்சையும் ஊதாவுமாகப் பூப்போல விரிந்து சுருங்கின. ஒரு சோடி கோமாளி மீனும் வந்தது. என் கணவர் தொட்டிக்கு முன்னால் இருப்பார், சூடு பார்ப்பார், உப்புப் பார்ப்பார். ஆனால் வெளியே படகு மோட்டரின் சத்தம் கேட்டால் தலை வாசல் பக்கம் திரும்பிவிடும். கடல் தெளிந்துகொண்டு வந்தது. இடைவேளைக்கு நான் போன் எடுப்பதும் நிற்கவில்லை.

ஒரு நாள் அவர் போனை எடுக்கவில்லை. திரும்பத் திரும்ப எடுத்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. அன்று கடல் கண்ணாடி மாதிரி இருந்ததைப் பள்ளிக்கூடத்துக்கு வரும்போதே பார்த்திருந்தேன். அதிபரிடம் தலையிடி என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன். வழியில் கடற்கரைக்குப் போவதா வீட்டுக்குப் போவதா என்று தெரியாமல் சந்தியில் நின்றுவிட்டேன். பிறகு வீட்டுக்கே திருப்பினேன்.

ஹோலில் அவர் ஒரு ஸ்டூலில் இருந்தார். சேர்ட்டெல்லாம் நனைந்திருந்தது. கரண்ட் காலையிலேயே போய்விட்டதாம். மோட்டர் நின்றுவிட்டது, மீனுக்குக் காற்று வேண்டும் என்று, ஜக்கால் தண்ணீரை அள்ளி உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தார். போன் அறைக்குள் கிடந்தது. கையை நிறுத்தாமல் என்னைப் பார்த்தார்.

"கடலுக்குப் போயிட்டனெண்டு நினைச்சீங்களா?"

"ஓம்."

கொஞ்ச நேரம் அள்ளி ஊற்றினார். பிறகு சொன்னார், தொட்டி வாங்க முந்தியே ஒரு தடவை போயிருக்கிறாராம். படகில் போய், கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முகத்தை மட்டும் தண்ணீரில் வைத்துக் கீழே பார்த்தாராம். இறங்கவில்லையாம்.

"இறங்கினா நீங்க தனிச்சுப் போவீங்க. அது தெரியும். ஆனா வீட்டுக்குள்ள இருந்தா எனக்கு மூச்சு முட்டுது."

நான் ஜக்கை வாங்கி ஊற்றத் தொடங்கினேன். சிலாபத்தில் ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டதை அப்போதுதான் அவரிடம் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. கரண்ட் வரும்வரை மாறி மாறி ஊற்றினோம். ஒரு மீனும் சாகவில்லை. அதற்கிடையில், படகில் போகலாம், தண்ணீருக்குள் இறங்குவதில்லை என்று கதைத்து முடித்திருந்தோம். அல்லாஹ் மேல் ஆணையாகச் சொல்லுங்கள் என்றேன். சொன்னார்.

இப்போது அவர் சுழியோடிகளின் படகில் மேலே நிற்கிறார். யார் எப்போது இறங்கினான், எப்போது ஏறவேண்டும் என்று பார்ப்பது அவருடைய வேலை. அவர் கடலில் நிற்கிற நாட்களில் தொட்டியின் கண்ணாடியில் படிகிற பாசியை நான்தான் சுரண்டுகிறேன். சுரண்டும்போதும் நான் சும்மா இருப்பதில்லை. கை ஒரு பக்கம், காது ஒரு பக்கம்.

ஒரு லீவு நாளில், என்னையும் கூட்டிக்கொண்டு போகும்படி கேட்டேன். நான் அதுவரை கடலில் போனதில்லை. கரை மறைவதற்கு முதலே வாந்தி எடுத்தேன். படகு நின்ற இடத்தில் சுழியோடிகள் ஒருவர் பின் ஒருவராக இறங்கினார்கள். அதற்குப் பிறகு அவர் என் பக்கம் திரும்பவேயில்லை. கம்பைக் கீழே போட்டுவிட்டு, படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, மேலே வருகிற குமிழிகளையே பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். திரும்பவும் குமிழி. படகின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நொண்டி நொண்டி நடந்தார். ஒருத்தன் சொன்ன நேரத்துக்கு வரவில்லை. அவருடைய உதடு காய்ந்துபோனதை நான் பார்த்தேன். படகிலிருந்து கீழே விட்டிருந்த கயிற்றைப் பிடித்து இழுத்து இழுத்துச் சைகை கொடுத்தார்.

அவன் மெதுவாக, வரவேண்டிய விதமாகவே மேலே வந்தான். கையைத் தூக்கிக் காட்டினான். அவர் பலகையில் இருந்துவிட்டார். முகத்தைச் சாரத்தின் நுனியால் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்.

"மேல நிண்டு பார்த்துக்கொண்டிருக்கிறது இவ்வளவு கஷ்டமெண்டு எனக்குத் தெரியாமப் போச்சு."

நான் தண்ணீர்ப் போத்தலை அவரிடம் நீட்டினேன். இன்னும் இரண்டு பேர் கீழே இருந்தார்கள். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு எழும்பி ஓரத்துக்குப் போனார். நானும் பக்கத்தில் போய் நின்று குமிழிகளைப் பார்த்தேன்.