கரிக்காத பன்

லூர்துசெல்வியக்காவுக்கு ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது. போன வாரம் முழுக்க அவள் மாடிக்கும் அடுப்புக்கும் ஓடிய ஓட்டத்தில் எனக்கே தலை சுற்றியது.

குருசுக்குப்பத்தில் அவளுடைய பன் கடையில் மாவு பிசைகிறவள் நான். கடலோரம் என்பதால் மாவு பிசைகிற போர்வெல் தண்ணீர் வருஷத்துக்கு வருஷம் உப்பேறிக்கொண்டே வந்தது. கடைசியில் கோயில் உபதேசியார் அருளானந்தம் நேரிலேயே வந்துவிட்டார். "அந்தோணியார் பன்னு கரிக்குதுன்னு சனங்க மூஞ்ச சுளிக்கிறாங்க. அடுத்த செவ்வாயும் கரிச்சா வேற கடை பாத்துக்குவோம்." செவ்வாய்தோறும் மந்திரித்துச் சனங்களுக்குக் கொடுக்கிற கோயில் பன் போனால் கடையே போன மாதிரி. கேன் தண்ணீரில் பிசைந்தால் கட்டுப்படியாகாது.

அக்காவின் தம்பி கிளாட்வின் வெல்டர். அடுப்பின் புகைக்கூண்டைச் சுற்றிச் செப்புக் குழாய் ஓட்டினான். அதில் சூடாகிற உப்புத் தண்ணீர் மாடியில் உள்ள கறுப்புத் தொட்டிக்குப் போகும். வெயிலில் ஆவியாகி, மேலே சாய்த்து மூடிய கண்ணாடியில் கோத்து, நல்ல தண்ணீராகக் குடத்தில் சொட்டும். சொட்டும்தான், அக்காவுக்குப் பொறுமை வேண்டாமா?

"இன்னாடா இது, மூக்கு ஒழுவுற மாதிரி வுடுது!"

"நீ கண்ணாடிய தூக்கித் தூக்கிப் பாத்தா ஆவிதான் போவும். கீழ எறங்குக்கா."

இறங்கினாள். அடுப்பில் நாலு விறகைத் திணித்தாள். "ஐயோ, வீணாப் போற அனலுக்குத்தான் குழாய் வச்சேன், அதுக்குன்னே எரிக்கிறியே!" என்று தலையில் அடித்துக்கொண்டான் கிளாட்வின். மேகம் மறைத்தபோது மேகத்தையும் திட்டித் தீர்த்தாள்.

ஒருவழியாகச் செவ்வாய்க்குள் குடங்கள் நிறைந்தன. பிசைந்தோம், சுட்டோம். மந்திரிக்காத கோயில் பன்னை அக்கா வாயில் வைக்க மாட்டாள், என்னையும் வைக்க விடமாட்டாள். அதனால் ருசி தெரியாமலே கூடையைத் தூக்கிக்கொண்டு போனோம்.

மந்திரித்த பன்னை உபதேசியார் கடித்தார். முகம் கோணியது.

"என்னம்மா, உப்பே இல்ல? சப்புன்னு கெடக்கு."

"உப்பே இல்லியா? சத்தியமா கரிக்கலியா?" அக்கா கேட்டுக் கேட்டுச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"கரிக்கல. அடுத்த வாரம் உப்பு போட்டுக் கொண்டா" என்றார் அவர்.

கடைக்குத் திரும்பும்போதுதான் எனக்கு உறைத்தது. தண்ணீர் கரிக்கக் கரிக்க, மாவில் உப்பைக் குறைத்துக்கொண்டே வந்து, போடுவதையே விட்டுவிட்டிருக்கிறோம். கடையில் உப்பு ஜாடிகூடக் கிடையாது. அக்கா எதிர்க்கடைக்கு ஓடி ஒரு பாக்கெட் வாங்கி வந்தாள். பிரித்துக் கையில் அள்ளியவள் அப்படியே நின்றாள்.

"அஞ்சலி, எவ்ளோடி போடுவோம்?"

எனக்கும் மறந்துபோயிருந்தது.